மெல்ல உதைக்கும் தோட்டா

சிவப்புப் பெட்டி, நூற்றெண்பது கிறெய்ன், பாத்து வாங்கும், வேறை ஒண்டும் வேண்டாம். கார்க் கண்ணாடியை இறக்கிக் கணவர் குலசிங்கம் சொன்ன சொல் தெருவைக் கடந்து கடை வாசல்வரை யோகாம்பிகையோடு கூடவே வந்தது. கதவைத் தள்ளியதும் மேலே கட்டியிருந்த மணி அடித்துத்தான் அதை நிறுத்தியது. கார் எதிரே கராஜுக்குள் போய்விட்டது. பனிக்கால டயர் மாற்ற முக்கால் மணித்தியாலம் ஆகும். அந்த முக்கால் மணித்தியாலத்துக்குள் ஒரு பெட்டி தோட்டா வாங்கவேண்டும், அவ்வளவுதான். பதினாறு வருஷமாகக் கார்த்திகை பிறக்கும்போது வாங்குகிற அதே பெட்டி, இருபது தோட்டா, அதில் மூன்றோ நாலோ வெடிக்கும், மிச்சம் அலுமாரிக்குப் போகும். திங்கட்கிழமை மான் வேட்டை தொடங்குகிறது, இன்றைக்கு வியாழன். கடைக்குள் துவக்கு எண்ணெயும் சூடாறிய கோப்பியும் தூண்டில் மீன்குஞ்சுத் தொட்டியின் பாசியும் கலந்த மணம். சிவந்த பின்னலைத் தோளுக்கு முன்னால் போட்டிருந்த டெனீஸ், கடைக்காரி, ஒரு கிழவருக்கு ஏதோ படிவம் அச்சடித்துக்கொண்டிருந்தாள். ஒரு விரலை உயர்த்தி, இரும் வாறன் என்று காட்டினாள். டெனீஸ் பேசுவது ஆங்கிலம்தான், ஆனாலும் இத்தனை வருஷப் பழக்கத்தில் யோகாம்பிகையின் காதுக்குள் அது பல்கலைக்கழக விடுதிப் பெண்களின் நீர், உமக்கு என்கிற பேச்சாகவே விழும், அதைத் திருத்த அவள் முயன்றதில்லை. இருக்கிறேன், டெனீஸ். இருந்து பார்த்துக்கொண்டிருப்பதுதானே எனக்கு நன்றாகத் தெரிந்த வேலை.

பெட்டிகள் கண்ணாடிக்குப் பின்னால் மளிகைக்கடையில் தேயிலைப் பைக்கற் அடுக்கினதுபோல அடுக்கியிருந்தன, பச்சை, மஞ்சள், வெள்ளி, ஒவ்வொன்றிலும் ஒரு மான் கொம்பை உயர்த்தி நின்றது, எந்த மானும் ஓடவில்லை, படம் கீறுகிறவர்கள் அதை எப்போதும் நிற்கத்தான் வைக்கிறார்கள். சிவப்புப் பெட்டி இரண்டாவது தட்டில் இருந்தது. எட்டினால் எடுக்கலாம், கண்ணாடி இல்லாவிட்டால். நூற்றெண்பது என்பது தோட்டாவின் முனையில் இருக்கிற குண்டின் நிறை. நிறை கூடக்கூடத் துவக்கின் அடிக்கட்டை தோளில் இடிக்கிற இடியும் கூடும். இதை யாரும் அவளுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை, பதினொரு வருஷம் பெண்பிள்ளைகளுக்குப் பௌதிகம் படிப்பித்தவள், கரும்பலகையில் ஒரு பீரங்கி கீறி, குண்டு முன்னால் போகிறது, பீரங்கி பின்னால் வருகிறது, தாக்கத்துக்குச் சமனும் எதிருமான மறுதாக்கம் என்று எழுதி, கீழே இரண்டு கோடு இழுத்தவள். அந்தக் கோட்டைத் தாண்டி யோசித்ததில்லை. பின்னால் வருகிற இடி எங்கே போய்ச் சேர்கிறது என்று எந்தப் பிள்ளையும் கேட்கவில்லை. ஒரு மனிசனின் தோளில், பிள்ளையள். தோலுக்குக் கீழே, காறை எலும்புக்கு இரண்டு விரல் கீழே, தீப்பெட்டியைவிடச் சின்னதாக ஒரு மிசின் வைத்துத் தைத்திருக்கிற இடத்தில். அந்த மிசினிலிருந்து ஒரு மெல்லிய கம்பி நாளத்துக்குள்ளால் இறங்கி இருதயத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது, இருதயம் மறந்துபோனால் அது நினைவுபடுத்தும். ஏழு கிழமைக்கு முன்னர் வைத்தது. ஒரு மாசம் கழித்துக் காட்டப் போனபோது டொக்டர் சொன்னார், கெட்டிக்காரப் பெடியன், சிரித்துக்கொண்டே சொன்னார்: அந்தத் தோளில் அடி விழக்கூடாது, கம்பி முறிந்தால் மறுபடி வெட்டவேண்டிவரும், முறிந்ததே தெரியாமலும் போகலாம். குலசிங்கம் ஓம் ஓம் என்று தலையாட்டினார். வெளியே வந்து காரில் ஏறினதும், அப்ப வலத்தோளிலை வைச்சுச் சுட்டுப் பழகுவம் என்றார். பழகினார், ஒரு சனிக்கிழமை முழுக்கப் பின்வளவில் வெறுந்துவக்கோடு, வலத்தோளில் வைத்து, வலக்கண்ணைத் துவக்குக் கண்ணாடியில் பொருத்தி. அந்தக் கண்ணில் பூ விழுந்து மூன்று வருஷம். ஒன்றும் தெரியவில்லை என்று அவர் சொல்லவில்லை. துவக்கை அலுமாரியில் வைத்துவிட்டு வந்து தேத்தண்ணி கேட்டார். அவளுக்குத் தெரியும், திங்கட்கிழமை மரங்களுக்கிடையில் ஏதாவது அசைந்தால், அந்த நொடியில், துவக்கு தானாக இடத்தோளுக்குப் போய்விடும், கை வாய்க்குப் போவதுபோல.

ஏனென்றால் அவர் இடக்கைக்காரர். இது உலகத்தில் இரண்டு மூன்று பேருக்கு மட்டும் தெரிந்த சங்கதி என்றுகூடச் சொல்லலாம். எழுதுவது வலக்கையால், சாப்பிடுவது வலக்கையால், கைகொடுப்பது, காசு நீட்டுவது, கோயிலில் திருநீறு வாங்குவது எல்லாம் வலக்கை. இரண்டாம் வகுப்பில் ஒரு வாத்தியார் இடக்கை விரல் முட்டியில் பிரம்பால் அடித்து அடித்துத் திருப்பிவிட்ட கை. ஆனால் யாரும் திருத்த நினைக்காத வேலைகள் இடக்கையிலேயே தங்கிவிட்டன, தேங்காய் திருவுவது, கல்லெறிவது, பின்நேரத்தில் தலையைத் தடவுவது, துவக்கு. வலக்கைக்காரருக்குச் செய்த துவக்கை இடத்தோளில் வைத்து, கையை மேலால் எட்டித் தாழ்ப்பாளை இழுத்துவிடுகிற அந்தக் கோணல் வித்தையைப் பார்த்து டெனீஸ் ஒருமுறை, உம்மட மனுசன் சுடுறது பிடில் வாசிக்கிற மாதிரி இருக்கு என்றாள். மிசின் வைக்கப் போன நாளில் ஆஸ்பத்திரியில் ஒரு தாதி கையில் படிவத்தோடு வந்து நின்று, எந்தக் கைக்காரர் என்று கேட்டபோது, அவர் யோசிக்காமல், வாத்தியார் கேட்டதுபோல, வலது என்றார். உள்ளதைத்தான் சொன்னார், அவரைப் பொறுத்தவரையில். அப்ப இடப்பக்கம் வைக்கலாம், பாவிக்காத பக்கம்தான் நல்லது என்று தாதி எழுதிக்கொண்டாள். யோகாம்பிகை பக்கத்தில் இருந்தாள், அவருடைய மேற்சட்டையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு. பேசாமல் இருந்தாள். அதுதான் நடந்தது. பேசாமல் இருந்துவிட்டேன், பதற்றத்தில், இருதயம் நின்று நின்று அடிக்கிற மனிசனை வைத்துக்கொண்டு யார் துவக்கை நினைப்பார்கள், பேசாமல் இருந்துவிட்டேன்.

"என்ன யோகா, கண்ணாடியோடை கதைக்கிறீரோ?" கிழவர் படிவத்தை மடித்துக்கொண்டு போய்விட்டார், டெனீஸ் முன்னால் வந்து நின்றாள். "சிவப்புப் பெட்டிதானே? உம்மட மனுசனுக்கெண்டு ரெண்டு எடுத்து வைச்சிருக்கிறன். போன வருஷம் அவர் கொண்டுவந்து காட்டின மான் என்ரை நாயைவிடச் சின்னன், இந்த வருஷமாவது வளந்ததாப் பாத்துச் சுடச் சொல்லும்." யோகாம்பிகை சிரித்தாள், சிரிப்பு வந்ததே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. பிறகு, இதே துவக்குக்கு இதைவிட மெல்ல உதைக்கிற தோட்டா இருக்கிறதா என்று கேட்டாள். கேட்ட குரல் கடையில் சீனி குறைந்த பிஸ்கற் கேட்கிற குரலாக இருந்தது. "இருக்கு. பிள்ளையளுக்கும் பொம்பிளையளுக்கும் எண்டு பெட்டியிலை எழுதமாட்டாங்கள், ஆனா அதுக்குத்தான் செய்யிறவங்கள்." டெனீஸ் குனிந்து அடித்தட்டிலிருந்து ஒரு வெள்ளைப் பெட்டியை எடுத்துத் திறந்தாள். "நூற்றியிருபத்தைஞ்சு. மருந்தும் குறைவு. உதை பாதிதான். என்ரை தங்கச்சி பிள்ளை பெத்த வருஷம் இதைத்தான் போட்டவள். ஆருக்கு, உமக்கே?" எனக்குத்தான் என்று தலையாட்டினாள். தலை ஆடினபிறகுதான் அது பொய் என்று தெரிந்தது. எவ்வளவு இலகுவாக ஆடுகிறது இந்தத் தலை, எண்ணெய் போட்ட பிணைச்சல்போல. அவளுக்கும் லைசென்ஸ் இருந்தது, துவக்குக்கும் வேட்டைக்கும், வந்த புதிதில் தனியாகப் போகக் கூச்சப்பட்ட மனிசனுக்குத் துணையாகப் போய் இரண்டு சோதனையும் எழுதி, அவரைவிட நாலு புள்ளி கூட எடுத்து, அவர் புதுப்பிக்கிறபோதெல்லாம் தானும் புதுப்பித்து, ஒருநாளும் பாவிக்காத அட்டைகள். ஒரேயொரு தரம் பயிற்சித் திடலில் அவருடைய துவக்கால் சுட்டாள். தோள் இரண்டு கிழமை கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது.

தோட்டா ஒன்றைக் கையில் எடுத்தாள். பித்தளை குளிர்ந்தது. வீட்டில் சிவப்புப் பெட்டிக்குள் பிளாஸ்ரிக் தட்டு இருக்கிறது, இருபது குழி. இந்த இருபதையும் அந்தக் குழிகளில் மாற்றி வைத்துவிட்டால் பித்தளை ஒரே பித்தளை, நீளம் கொஞ்சம் குறைவு, பூ விழுந்த கண்ணுக்குத் தெரியாது. அவர் வழமைபோல மேசையில் பழைய பேப்பரை விரித்து எண்ணி எண்ணி எடுத்து வைப்பார். திங்கட்கிழமை இடத்தோளில்தான் வைப்பார். இடி பாதியாக வரும். வயது போகப்போகத் துவக்கும் சாதுவாகுது என்று பின்நேரம் சொல்லிச் சிரிப்பார். நான் தேத்தண்ணி ஊற்றுவேன். எவ்வளவு நேர்த்தியாக இருக்கிறது. நேற்று முழுக்க, முந்தாநாள் முழுக்க, இரண்டு கிழமையாக அவள் இதைத்தான் கோத்துக்கொண்டிருந்தாள், வெங்காயம் உரிக்கும்போது, தபால்பெட்டிக்கு நடக்கும்போது, அவர் நித்திரையில் புரளும்போது கையை அவர் நெஞ்சில் வைக்காமல் பக்கத்தில் வைத்துக்கொண்டு. போகவேண்டாம் என்று சொன்னால் போவார். சொல்லாமல் செய்தால் நிற்பார். நிற்பார் என்றால், உயிரோடு நிற்பார். அதற்குமேல் அவளுக்கு ஒன்றும் வேண்டாம். வேட்டை நாளில் அவள் காட்டோரக் குடிலில் இருந்துகொண்டு வெடிச்சத்தம் எண்ணுவதை அவர் அறிவாரா, தெரியாது. ஒரு வெடி என்றால் நல்லது, இறைச்சி. அடுத்தடுத்து இரண்டு என்றாலும் பரவாயில்லை. வெகுநேரம் கழித்து இன்னொன்று கேட்டால், ஏதோ காயப்பட்டு ஓடியிருக்கிறது. ஒன்றுமே கேட்காமல் வெளிச்சம் சாய்ந்தால், அதுதான், அந்தச் சத்தமில்லாமை. தம்பி நித்தியன் சைக்கிளில் பரந்தன் பக்கம் போன நாளிலும் எங்கோ தூரத்தில் ஏழு வெடி கேட்டது, ஏழுதான், அவள் கொடியில் சீலை விரித்தபடி எண்ணினாள், ஏனென்று தெரியாமல் எண்ணினாள், பிறகு ஒன்றுமில்லை, மாலைவரை ஒன்றுமில்லை, முப்பத்தைந்து வருஷமாக ஒன்றுமில்லை. அந்த ஏழில் ஏதாவது ஒன்று அவனுக்குரியதா, ஒன்றுமே இல்லையா. எட்டாவது ஒன்றுக்காகக் காது இப்போதும் திறந்தே கிடக்கிறது. அவரிடம் இதைச் சொன்னதில்லை. அவர் காட்டுக்குப் போவது அங்கேயுள்ள அமைதிக்காக, வன்னிக் காட்டில் பிறந்த மனிசன், மரங்களுக்கிடையில் மட்டும்தான் தோள் இறங்கி நடப்பார். அந்த அமைதியைத்தான் நான் வருஷம் இரண்டு கிழமை ஜன்னலடியில் இருந்து குடிக்கிறேன் என்று எப்படிச் சொல்வது.

தலையாட்டினேன். ஏன் இப்போது இது வருகிறது. டெனீஸுக்குத் தலையாட்டினதுபோலத்தான் அந்தத் தாதிக்கும் தலையாட்டினேன். பேசாமல் மட்டும் இருக்கவில்லை. வலது என்று அவர் சொன்னதும் தாதி இவள் பக்கம் திரும்பி, சரிதானே என்றாள், வயதான ஆட்களின் பெண்சாதிகளிடம் எல்லாவற்றையும் உறுதிப்படுத்துகிற வழக்கத்தில், இவள் தலையாட்டினாள். அதற்கும் பதற்றம்தான் காரணம் என்று சொல்லலாம். தலை ஆடுவது ஒரு பேச்சா.

"ஒண்டு மட்டும் கவனம்," டெனீஸ் சொல்லிக்கொண்டிருந்தாள், எவ்வளவு நேரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். "உங்கட துவக்கு நூற்றெண்பதுக்குக் குறி வைச்சது. இதைப் போட்டால் குண்டு வேறை இடத்துக்குப் போகும். நூறு யார் தூரத்துக்கு நாலு விரல் கீழை, தள்ளிப்போனால் இன்னும் கீழை. திடலுக்குக் கொண்டுபோய் அஞ்சாறு வெடி வைச்சுத் துவக்குக் கண்ணாடியைத் திருத்தாமல் காட்டுக்குக் கொண்டுபோகாதையும். நெஞ்சைப் பாத்துச் சுடுவீர், காலிலை படும். இல்லாட்டி வயித்திலை." வயித்திலை. டெனீஸ் அதைச் சொல்லிவிட்டு மீன்குஞ்சுத் தொட்டியின் காற்றுக் குழாயைச் சரிசெய்யத் திரும்பினாள், அவளுக்கு அது ஒரு சொல்தான். யோகாம்பிகையின் கையிலிருந்த தோட்டா சூடாகியிருந்தது. நாலு விரல். இரண்டு கிழமையாகக் கோத்த மாலையில் பௌதிகம் படிப்பித்த ஒருத்திக்கு இந்த ஒரு மணி எப்படித் தவறியது. உதை குறைந்தால் அந்தப் பக்கமும் ஏதாவது குறையத்தானே வேண்டும், சமனும் எதிரும், இரண்டு கோடு. நான் தோளை மட்டும் பார்த்தேன். மானை மறந்தேன். மானையா மறந்தாய், யோகாம்பிகை, அந்த மானையா.

ஆறு வருஷத்துக்கு முன்னர். காற்று ஒரு கிளையைத் தள்ளிக் குண்டு பின்னால் பட்டுவிட்டது, ஒரு பெண்மான், அது விழாமல் ஓடியது. காயப்பட்டதை விட்டிட்டு வீட்டை வாறது வேட்டையில்லை என்று குலசிங்கம் பின்னாலேயே போனார். அது அவருடைய தகப்பன் அவருக்குச் சொன்னது, தகப்பனுக்குக் காடு சொன்னதாக்கும். எவ்வளவு தூரமானாலும், எத்தனை நாளானாலும். முதல்நாள் இருட்டும்வரை போய்விட்டு வந்து சப்பாத்தோடு கதிரையில் இருந்தார். விடிந்ததும் அவளும் கூடப்போனாள், சுடுதண்ணிப் போத்தலைத் தோளில் மாட்டிக்கொண்டு. மஞ்சள் இலைகளில் பொட்டுப் பொட்டாக, சில இடத்தில் ஒன்றுமில்லை, அவர் முழங்காலில் இருந்து இலையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார், பிறகு அதோ என்பார், மிளகளவு ஒரு சிவப்பு. தேவதாருச் சதுப்புக்குள் முழங்கால்வரை தண்ணீர். மத்தியானத்துக்குப் பிறகு கண்டார்கள். செத்துக் கிடக்கும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அது நின்றுகொண்டிருந்தது. ஒரு மரத்தில் சாய்ந்து, தலையைத் தாழ்த்தி, வாய் திறந்து, ஓடுகிற எண்ணமே இல்லாமல், அவர்களைக் காத்துக்கொண்டு நின்றதுபோல. அவள் கண்ணைத்தான் பார்த்தது. அவர் துவக்கை எடுத்தார், அவள் காதைப் பொத்தினாள், பொத்தின காதுக்குள்ளும் கேட்டது. அன்றைக்கு அவருக்கு அறுபத்தைந்து, இருதயம் கடிகாரம்போல அடித்தது, அப்படியிருந்தும் வீட்டுக்கு வந்து இரண்டு நாள் படுக்கையில் கிடந்தார். இப்போது எழுபத்தொன்று. வெள்ளைப் பெட்டித் தோட்டா, சிவப்புப் பெட்டிக் குழியில். அவர் நெஞ்சைப் பார்த்துச் சுடுவார், வயிற்றில் படும், தன் கை நடுங்கிவிட்டது, கண் பிழைத்துவிட்டது என்று நினைப்பார், என்னைச் சந்தேகிக்கமாட்டார், ஒருநாளும் சந்தேகித்ததில்லை. பிறகு அதன் பின்னால் போவார். முழங்கால் தண்ணீருக்குள், ஒருநாள், இரண்டு நாள், நெஞ்சில் கம்பியோடு. நான் ஜன்னலடியில் இருந்து ஒரு வெடி, நல்லது, இறைச்சி என்று எண்ணிக்கொண்டிருப்பேன்.

சிவப்பை எடுத்தால் தோள். வெள்ளையை எடுத்தால் சதுப்பு. ஒன்றையும் எடுக்காமல், கடையில் முடிந்துவிட்டதாம் என்று சொன்னால் அவர் தெருவைக் கடந்து தானே வந்து கேட்பார், டெனீஸ் இரண்டு பெட்டி எடுத்து வைத்திருக்கிறாள். வெள்ளையை வாங்கி, இதோ இது மெல்ல உதைக்கும், திடலுக்குப் போய்க் குறியைத் திருத்துங்கோ என்று நேரே கொடுத்தால் என்ன. அதுதானே நேர்வழி, எவரும் முதலில் யோசிக்கிற வழி, அவள் ஏன் அதைக் கடைசியாக யோசிக்கிறாள். ஏனென்றால் அவர் கேட்பார். பாதி உதையும் அந்தத் தோளுக்கு உதைதான் என்று டொக்டர் சொல்லுவார், அப்ப என்னத்துக்கு இந்தப் பக்கம் வைச்சவங்கள் எண்டு அவர் கேட்பார், சும்மா, காற்றைக் கேட்பதுபோல, டயர்க்காரனைக் கேட்பதுபோல. நான் வலது எண்டு சொன்னதாலைதான், என்ரை பிழைதான் என்று தானே மறுமொழியும் சொல்லிக்கொள்வார். இரண்டு தரம் சொல்லிவிட்டார் ஏற்கெனவே. சோற்றைப் பிசைந்துகொண்டே, இந்த வாய் ஒருக்கா இடது எண்டு சொல்லியிருந்தால், என்று. அவள் மோர் ஊற்றினாள். இந்த இடத்தில்தான் அது எப்போதும் வந்து முட்டும், ஈ கண்ணாடியில் முட்டுவதுபோல, இதற்கு அங்கால் போகாமல் இரண்டு கிழமை வெங்காயம் உரித்தாயிற்று. தலையாட்டினது உண்மை. ஆனால் அதுவும் முழுதில்லை. அவரை உடுப்பு மாற்ற உள்ளே கூட்டிக்கொண்டு போனபின் அந்தத் தாதி திரும்பி வந்தாள். வெள்ளைச் சப்பாத்து, ஒரு சப்பாத்தின் கயிறு நீலம். இந்த ஊரில் எல்லா ஆம்பிளையளும் வேட்டைக்குப் போறவை, அதாலை கேட்கிறன், உங்கட மனுசன் துவக்குப் பிடிக்கிறவரோ, பிடிக்கிறவர் எண்டால் எந்தத் தோளிலை வைக்கிறவர். நிதானமாகக் கேட்டாள். நடைகூடத்தின் கடைசியில் யாரோ வண்டிலில் சாப்பாட்டுத் தட்டுகளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். யோகாம்பிகைக்குப் பதற்றம் ஒன்றும் இருக்கவில்லை. மிகத் தெளிவாக இருந்தது. மிசின் இடப்பக்கம் இருந்தால் துவக்கு அங்கே ஏறாது, இனிக் கார்த்திகையில் ஜன்னலடியில் இருக்கவேண்டாம் என்ற நினைப்பு ஒரு கரண்டி தேன்போலத் தொண்டைக்குள் இறங்கினது. வலத்தோளிலை என்றாள்.

மணி அடித்தது. குலசிங்கம் கம்பளித் தொப்பியைக் கழற்றியபடி உள்ளே வந்தார், டயர் வேலை நேரத்துக்கு முந்தி முடிந்துவிட்ட சந்தோஷம் முகத்தில். "ரெண்டு டயர் தேஞ்சுபோச்சாம், அடுத்த வருஷத்துக்குத் தாங்காதாம். அவன் என்னைப் பாத்துச் சொன்னானோ டயரைப் பாத்துச் சொன்னானோ தெரியேல்லை." டெனீஸைப் பார்த்துக் கையை உயர்த்தினார். பிறகு கண்ணாடி மேசையில் திறந்து கிடந்த வெள்ளைப் பெட்டியைக் கண்டார். "என்னப்பா இது? சிவப்பெல்லோ சொன்னனான்."

"இது மெல்ல இடிக்கிறது," என்றாள்.

"எனக்கோ? நான்தானே வலத்தோளிலை வைக்கப்போறன்."

"நீங்கள் வைக்கமாட்டியள்."

அவர் தொப்பியைக் கையில் திருப்பினார். அவள் தமிழில்தான் பேசினாள், ஆனாலும் டெனீஸ் எதையோ கண்டுகொண்டு தொட்டிப் பக்கம் விலகிப்போனாள். இதை வீட்டிலே சொல்லலாம். காரில் சொல்லலாம். ஞாயிற்றுக்கிழமை சொல்லலாம். ஒவ்வொன்றாக வந்து அவள் முன்னால் நின்று போயின. "நான் இதை உங்களுக்குத் தெரியாமல் சிவப்புப் பெட்டிக்குள்ளை மாத்தி வைக்க இருந்தனான்," என்றாள். "குறி மாறும் எண்டு டெனீஸ் சொன்னவள். அதாலைதான் சொல்லுறன்." அவர் முகத்தில் இன்னும் பாதிச் சிரிப்பு மிச்சமிருந்தது, அதைப் பார்த்துக்கொண்டே மற்றதையும் சொன்னாள். "அண்டைக்கு ஆஸ்பத்திரியிலை, உங்களை உள்ளை கூட்டிக்கொண்டு போன பிறகு, அந்தத் தாதி என்னட்டைத் தனியா வந்து கேட்டவள். எந்தத் தோளிலை துவக்கு வைக்கிறவர் எண்டு. நான் வலது எண்டு சொன்னனான். தெரிஞ்சுதான் சொன்னனான். உங்கட வாயிலை பிழையில்லை."

சிரிப்பு எப்போது போனது என்று அவள் காணவில்லை. அவர் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். மீன்குஞ்சுகள் எல்லாம் ஒரே பக்கமாகத் திரும்பின, பிறகு மற்றப் பக்கம். கத்தினால் நல்லது, நாற்பத்தாறு வருஷத்தில் மூன்று தரம் கத்தியிருக்கிறார், மூன்றும் அவளுக்கு மனப்பாடம். கத்தவில்லை. இடக்கை எழும்பி மேற்சட்டைக்கு மேலால் அந்த இடத்தைத் தொட்டது, தைத்த தடம் இருக்கிற இடத்தை. அங்கே யாரோ தன்னைக் கேட்காமல் வந்து குடியிருப்பதை இப்போதுதான் அறிந்ததுபோல விரல்கள் சுற்றிப் பார்த்தன.

"ஏன்?" என்றார் கடைசியாக.

எத்தனை மறுமொழி இருந்தது, ஏழு வெடி, கொடிச்சீலை, சதுப்பில் நின்ற மான், ஜன்னல். "எனக்கு இனிக் காத்துக்கொண்டு இருக்கேலாது," என்றாள்.

அவர் வெளியே பார்த்தார். கராஜுக்கு முன்னால் அவர்களுடைய கார் நின்றது. போய்விடுவார் என்று நினைத்தாள், போய்க் காருக்குள் இருப்பார், வீடுவரை பேசமாட்டார், வருகிற கார்த்திகைவரை பேசமாட்டார். அவர் தொப்பியைத் தலையில் போட்டார், திரும்பக் கழற்றினார். பிறகு டெனீஸைக் கூப்பிட்டு ஆங்கிலத்தில், இந்த வெள்ளைப் பெட்டி இரண்டு வேண்டும், ஒன்று திடலுக்கு, ஒன்று காட்டுக்கு என்றார். எனக்கில்லை, இவவுக்கு. "திங்கட்கிழமை இவ சுடட்டும். நான் குடிலிலை இருக்கிறன்."

"என்ன விசர்க்கதை கதைக்கிறியள்," என்றாள் யோகாம்பிகை.

"லைசென்ஸ் இருக்குத்தானே உமக்கு. என்னைவிட நாலு புள்ளி கூட." குரலில் பகிடி இல்லை. கோபமும் தெரியவில்லை, தெரிந்தால் பிடித்துக்கொள்ளலாம். "காயப்பட்டால் பின்னாலை போகவேணும். அது தெரியும்தானே. நான் வரமாட்டன். நீர்தான் போகவேணும்."

"தெரியும்."

டெனீஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். யோகாம்பிகை தன் கைப்பைக்குள் அட்டையைத் தேடினாள், பழைய பற்றுச்சீட்டுகள், கண்ணாடித் துணி, ஒரு இஞ்சி ரொபி, விரல்கள் எதையும் அடையாளம் காணவில்லை, குளிரில் விறைத்ததுபோல. கடைசியில் கிடைத்தது. படத்தில் பத்து வயது இளையவள் ஒருத்தி எதையும் எதிர்பார்க்காத முகத்தோடு நின்றாள். தோள் எப்படி இருக்கும், கத்தரிக்காய் நிறம் வருமா, மரங்களுக்கிடையில் அது வந்து நின்றால், என்னைப் பார்த்தால். அவர் குடிலில் இருப்பார். ஒரு வெடி கேட்கும் அவருக்கு, அல்லது ஒன்றும் கேட்காது, அவர் என்ன செய்வார், அவருக்கு வெடி எண்ணத் தெரியாதே.

"இஞ்சை திரும்பி நில்லும்," என்றார் குலசிங்கம். அவள் திரும்பினாள். அவர் அவளுடைய மேற்சட்டைக் கழுத்தை ஒதுக்கி, வலத்தோளில் எலும்புக்கும் நெஞ்சுக்கும் நடுவிலிருக்கிற பள்ளத்தைப் பெருவிரலால் தேடினார். "இதுக்குள்ளை வைக்கவேணும். எலும்பிலை வைச்சால் முறியும். மூச்சைப் பாதி விட்டிட்டு நிப்பாட்டும். சாது எண்டாலும் இடிக்கத்தான் செய்யும், பாரும்." இடது உள்ளங்கையை அந்தப் பள்ளத்தில் பொருத்தித் தள்ளினார். தோட்டாவுக்குத் தேவையானதைவிடப் பலமாகத் தள்ளினார். அவள் ஒரு அடி பின்னால் போய்க் கண்ணாடி மேசையில் முட்டினாள், பித்தளைகள் தட்டுக்குள் கிலுங்கின. அவர் கை அந்தரத்தில் அப்படியே நின்றது. அவருடைய கண்ணை அவள் இப்போதுதான் பார்த்தாள்.

கால்களைச் சற்று அகட்டி, முன்பு நின்ற இடத்துக்கே வந்து நின்றாள்.

"இன்னொருக்கா," என்றாள்.